வால் எண்ணிய சாயங்காலங்கள்

என் சித்தப்பா பன்றி வளர்த்தவர் என்பதை இப்போது குடியிருக்கும் கீழ்க்கட்டளையில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நான் சொன்னதில்லை. 'விவசாயம்' என்று சொல்லிவைத்திருக்கிறேன். முழுப் பொய்யும் இல்லை. மாடம்பாக்கத்தில் எங்களுக்கு நெல் விளைந்த நிலம் இருந்தது. அது மனைகளாகிப் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் மிஞ்சிய துண்டில் சித்தப்பா மூன்று கொட்டில் கட்டி வெண்பன்றி வளர்த்தார். உறவுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கறிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. காதோரம் கறுப்புப் புள்ளியோடு ஒரு குட்டி இருந்தது. அதற்குப் பொட்டு என்று பேர் வைத்திருந்தேன். கூடப் பிறந்தவற்றில் அதுதான் சின்னது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாதி கொய்யாப்பழம் எனக்கு, பாதி அதற்கு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

மூன்றாவது கொட்டில், அந்த மனைகளில் எழுந்த காலனியின் சுவரை ஒட்டியிருந்தது. எங்கள் நிலத்திலேயே வீடு கட்டியவர்கள், எங்கள் பன்றி நாறுகிறது என்று திரண்டு வந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு சார், இனி அந்தச் சுவரோரம் ஒரு பன்றி நின்றாலும் மேலே எழுதிப் பண்ணையையே மூடவைத்துவிடுவோம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். சித்தப்பா அந்தக் கொட்டிலைத் தகரத்தால் அடைத்து, அதிலிருந்தவற்றை மற்ற இரண்டிலும் நெருக்கி விட்டார். பெரியவர்கள் பேச்சு என்று நான் கொய்யா தின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே வால்கள் குறைய ஆரம்பித்தன. சுருண்டிருந்த வால் நுனியில் முதலில் ஒரு பல் குறி தெரியும். மறுநாள் ரத்தம். ரத்த ருசி கண்டதும் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். ஒன்றுக்கு வால் அடிவரைக்கும் போய்விட்டது. அது தொட்டிப் பக்கமே வராமல் மூலையில் பின்புறத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றது. சித்தப்பா வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசினார். பூசியதையும் சேர்த்துக் கடித்தன.

"எது கடிக்குதுன்னு நீ குந்திகினு பாத்துச் சொல்லு. அத்த ஞாயித்துக்கிழம வண்டில ஏத்திடறேன்" என்றார் என்னிடம்.

வீட்டுப்பாட நோட்டோடு கொட்டில் சுவர்மேல் உட்கார்ந்து வால்களை எண்ணினேன். இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. தீனி கொட்டியதும் பெரியவையெல்லாம் தொட்டியை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் முட்டி மோதி இடம் கிடைக்காமல் நின்ற பொட்டு, முன்னால் ஆடிய வாலை வாயில் கவ்வியது. முன்னால் நின்றது அலறியது. 

எதிலும் பட்டுக்கொள்ளாமல் தூங்கிக்கொண்டே கிடக்கும் ஒரு பெரிய பன்றியை நான் சித்தப்பாவிடம் கை காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அது வண்டி ஏறிப் போனது. அப்போதும் பாதித் தூக்கம்தான்.

கடி நிற்கவில்லை. காலனிக்காரர்களின் கண்ணேறுதான் என்று அம்மா முடிவு செய்து, தாம்புக்கயிற்றில் எலுமிச்சையும் மிளகாயும் படிகாரமும் கோத்துக் கொட்டில் வாசலில் தொங்கவிட்டாள். கொஞ்சம் தாழ்வாகக் கட்டிவிட்டாள் போலிருக்கிறது. எலுமிச்சை போன இடம் தெரியவில்லை. கயிற்றைப் பன்றிகள் முறை வைத்து மென்றன. ஆச்சரியமாக, இரண்டு நாள் எந்த வாலிலும் புதுக் காயம் இல்லை. அம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள் கயிறு தீர்ந்தது, கடி திரும்பியது.

வால் போன பன்றி பின்னங்கால்களை இழுக்கத் தொடங்கியதும் தாம்பரத்திலிருந்து மாட்டு டாக்டரை அழைத்துவந்தார்கள். அது கூடப் பிறந்தவற்றின் எடையில் பாதிதான் இருந்தது. சீழ் வால்வழியே முதுகெலும்புக்கு ஏறிவிட்டது, பிழைக்காது என்றார் டாக்டர். பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பொட்டின் பல்லில் ரத்தம் இருந்தது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"இத வித்தா நாளைக்கு இன்னொண்ணு கடிக்கும்" என்றார் டாக்டர். "இந்தக் கொட்டில்ல முன்னாடி எத்தனை இருந்துது?"

"பத்து, சார். இப்ப பதினாறு கீது."

"பின்ன என்ன பண்ணும்? இடம் பத்தல, தொட்டி பத்தல. மெல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் கயிறு இருந்தப்ப கடிக்கலல்ல? வைக்கோல் போடுங்க, கயிறு கட்டுங்க. கூட்டத்தைக் குறைங்க."

அம்மாவுக்குத் தன் திருஷ்டிக் கயிறு இப்படி வெறும் கயிறாகிப் போனதில் வருத்தம்தான். சித்தப்பா வெகுநேரம் காலனிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடப்பாரை எடுத்துவரப் போனார். என்னைத் திட்டவே இல்லை. என் பொய் அவருக்குத் தெரியவில்லை என்றே நினைத்தேன்.

மூன்றாவது கொட்டில் திறந்தது. வைக்கோலும் தேங்காய் மட்டையும் போட்டோம். பொட்டை நானே தூக்கிக்கொண்டுபோய் அங்கே விட்டேன். காயங்கள் ஆறின, பன்றிகளுக்கு எடை ஏறியது. காலை இழுத்தது மட்டும் அந்த வாரத்திலேயே செத்துப்போனது. கிணற்றோரம் புதைத்தோம். அன்றைக்கு நான் அழுததற்கான காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் கண்ணாடி சார் சொன்னபடியே நடந்தது. ஒரு காலையில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள், பொட்டையும் சேர்த்து. சித்தப்பா நாவலூரில் ஒரு கம்பெனி வாசலில் காவலாளியின் நீலச் சட்டை போட்டு நிற்கப் போனார். பொட்டை விற்ற கோபத்தில் நான் அவரோடு பல நாள் பேசவில்லை. அவர் தினமும் கொய்யா வாங்கிவந்தார்.

தகரத்தைப் பெயர்த்த அன்று, பண்ணை போய்விடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. தகரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, பொட்டு தப்பித்துவிட்டது என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.