கச்சைக்கு ஒரு வாக்கியம்

அகராதி அலுவலகத்தில் அவள் பங்குக்கு வந்த சொல் 'கச்சை'. இடுப்பில் இறுக்கிக் கட்டும் வார், யானையின் உடம்பைச் சுற்றிக் கட்டும் கயிறு, சதங்கை கோத்த வார் என்று பொருள்களை ஒருவழியாக அடுக்கிவிட்டாள். சொல்லின் பிறப்புதான் வம்பு. வடமொழியிலிருந்து வந்தது என்றார் ஒரு பதிப்பாசிரியர். இல்லை, 'கட்டு' என்பதற்கு உறவு என்றார் இன்னொருவர். இருவரும் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது போகட்டும், எடுத்துக்காட்டுக்கு இந்தக் காலத்தில் யாராவது வாய்விட்டுச் சொன்ன வாக்கியம் ஒன்று வேண்டும். இட்டுக்கட்டி எழுதுவது அங்கே மகாபாவம்.

வீட்டிலோ வேறு கவலை. அவள் கணவர் ஆட்களை வைத்து வீடு மாற்றித் தரும் தொழில் செய்பவர். பீரோவைத் தனியாளாகத் தூக்குகிறவர் என்று பேர் வாங்கியவர். முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது. பெல்ட் கட்டாமல் பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மனுஷன் கேட்டால்தானே! கட்டிக்கொண்டு கிளம்புவார், லாரி வந்ததும் கழற்றி மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவிடுவார். ஆட்கள் முன்னால் மானம் போய்விடுமாம்.

அன்று சாயங்காலம் வளைந்தபடி வந்து தரையில் படுத்தார்.

"திட்டணும்னா திட்டிடு."

"எனக்கு வேலை இருக்கு," என்று அவள் கச்சையின் பொருள்களை எழுதி வைத்திருந்த சீட்டைச் சத்தமாகப் படித்தாள்.

"யானைக்குமா கட்டுவாங்க?"

"யானைக்கும்தான். அது வெட்கப்பட்டதா எங்கேயும் எழுதலை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இடுப்பில் சுரீரென்றது. வலியில் அவர் முகம் கோணியது. "நீங்க படுத்துட்டா நான் என்னங்க செய்வேன்?" என்றாள்.

சில நாள் ஓய்வுக்குப் பிறகு வாசலில் லாரி வந்து நின்றது. ஆட்களெல்லாம் இறங்கியாயிற்று. அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் காதில் தெருவே கேட்கும்படி அவர் குரல் விழுந்தது.

"ஏம்மா, என் கச்சையை எங்க வச்சே?"

"அது என்னண்ணே கச்சை?" என்றார் ஓர் ஆள்.

"இடுப்புல கட்டுறது. எனக்கு இடுப்பு போச்சுப்பா. கட்டிக்கிட்டுத்தான் இனிமே தூக்கணும்."

சீட்டும் பேனாவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தன. அவள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஓடி, அத்தனை பேர் முன்னாலும் தானே அவர் இடுப்பில் சுற்றி இறுக்கினாள்.

"மூச்சு முட்டுதும்மா."

"முட்டட்டும்," என்றாள் அவள், கையை எடுக்காமல்.