சந்திரம்மாள் நட்ட பந்தக்கால்

ஆவணி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை சந்திரம்மாள் பாலக்கரை மண்டபத்தை விட்டுப் போனார். இரண்டு துணிப்பை, ஒரு ஸ்டவ், ஆள் உயரத்துக்கு ஒரு கல்யாணமுருங்கைக் கிளை. கிளையை ஏற்ற வையம்பட்டி பஸ் கண்டக்டர் முணுமுணுத்தாராம். நான் அப்போது ஊரில் இல்லை. எல்லாம் பிறகு கேட்டதுதான்.

அது என் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம். தாத்தா காலத்தில் கல்யாண மண்டபமாயிற்று. புருஷன் இறந்த வருஷம் சந்திரம்மாள் பாத்திரம் கழுவ வந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் சாவிக்கொத்து முழுக்க அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த அறைதான் வீடு. மண்டபம் நிற்கும்வரைதான் அந்த அறையும்.

ஏ.சி. மண்டபங்கள் வந்தபின் யாரும் வரவில்லை. சித்தப்பா ரெங்கராஜ் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு இடத்தை விலைபேசி முடித்தார். இடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. மேஸ்திரி பெரியண்ணன் ஆட்களோடு உள்ளே போனால், முற்றத்தின் வடகிழக்கு மூலையில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டிய கல்யாணமுருங்கைப் பந்தக்கால் நிற்கிறது.

“என்னக்கா இது?”

“கண்ணு தெரியலையா? பந்தக்கால்.”

“யாருக்குக் கல்யாணம், உங்களுக்கா?”

“கொழுப்புதான் உனக்கு. ரஞ்சனி பாப்பாவுக்கு. வெளிநாட்டுலேர்ந்து வருது.”

ரஞ்சனி நான்தான்.

ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். பந்தக்கால் ஊன்றிய வீட்டில் கல்யாணம் முடியாமல் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க மாட்டார்கள். “நீங்களே புடுங்கிட்டுச் சொல்லுங்க, வரோம்” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார் பெரியண்ணன். சித்தப்பாவுக்கும் கை வரவில்லை. வீட்டில் கல்யாண வயதில் இரண்டு பெண்கள்.

பன்னிரண்டு நாள் போயிற்று. சந்திரம்மாள் தினமும் முற்றத்தைக் கூட்டிக் கோலம் போட்டார்.

சித்தப்பா கூப்பிட்டபோது நான் ஜார்ஜியாவில் ஒரு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“உனக்குக் கல்யாணமாமே?”

“யார் சொன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்ல சித்தப்பா.”

சிரித்தேன். பஸ் வந்தது, வைத்துவிட்டேன். ஏன் கேட்கிறார் என்று கேட்கவில்லை.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எதிரில் சந்திரம்மாள். மறுநாள் காலை தானே பந்தக்காலைப் பிடுங்கி, குழியில் மண்ணைத் தள்ளி மிதித்தார். சாவிக்கொத்தைப் பெரியண்ணனிடம் நீட்டினார்.

“கதவே இருக்காது, சாவி எதுக்குக்கா?”

“எனக்கு மட்டும் எதுக்கு?”

தை மாதம் திரும்பினேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஓர் அறை எடுத்தேன். ஒரு நாள் பாலக்கரை போனேன். சுற்றிலும் நீலத் தகரம். இடுக்கு வழியே பார்த்தால் வெறும் தரை, எது முற்றம் என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை. டீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

சந்திரம்மாளிடம் போன் கிடையாது. அவர் தங்கை புருஷன் சின்னையனின் நம்பரைப் பெரியண்ணன் கொடுத்தார். ‘தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பினேன். பதில் இல்லை. நானும் மறுபடி அனுப்பவில்லை.

ஆனி மாதம் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஆடுகள் கத்தின.

“பாப்பா, சந்திரம்மா பேசறேன். சின்னையன் ஆட்டுக் கொட்டாயை ஒட்டி ஒரு சாய்ப்பு எறக்கிக் குடுத்திருக்காரு. இருக்கேன். அந்தக் கிளையை வாசல்ல ஊனுனேன், துளுத்துருச்சு. உனக்கு நெசமாவே கல்யாணம்னா முன்னாடியே சொல்லு, ஒரு கொப்பு விட்டுவைக்கிறேன். இல்லாட்டி ஆட்டுக்குப் போட்டுர்றேன்.”