பட்டாணி வயலுக்குப் போன என் குறுஞ்செய்திகள்

விவசாயிகளின் கைப்பேசிக்குப் பயிர் ஆலோசனை அனுப்பும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. பெங்களூர்தான். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் எழுதித் தருவேன். மாநில எல்லையோரத்தில் தமிழ் படிக்கிறவர்களுக்கு அது போகும். ஆனேக்கல் பக்கம் ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பட்டாணி போட்டிருந்த என் அக்கா வீட்டுக்காரருக்கும் போகும்.

விதைத்து மூன்று வாரத்தில் இரண்டு நாள் விடாமல் மழை. வயலில் தண்ணீர் நின்றுவிட்டது. பட்டாணிக்கு வேர் ஊறிக் கிடந்தால் ஆகாது, அழுகிவிடும். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிடச் சொல்லி, மழை பிடித்த அன்றே எழுதிக் கொடுத்தேன். அது மேலாளரிடம் போய், அவருக்கு மேலே இருப்பவரிடம் போய், ஐந்தாம் நாள்தான் கிளம்பியது. அன்று சாயங்காலம் மாமா போன் செய்தார்.

"ஏம்மா, தண்ணிய வடிக்கச் சொல்லி இப்பத்தான் மெசேஜ் வருது. தண்ணி தானா வடிஞ்சு, செடியெல்லாம் மஞ்சளாயிடுச்சு. புடுங்கினா வேர் கருப்பா வருது."

"நான் அன்னிக்கே எழுதிட்டேன் மாமா."

"எழுதி எங்க வச்சிருந்தீங்க?"

பள்ளமான பக்கத்துச் செடிகள் முழுக்கப் போய்விட்டன.

மிஞ்சியவை பூவெடுக்கிற நேரத்தில், காலைப் பனியோடு சாம்பல் நோய் வந்தது. இலைமேல் மாவு தூவியதுபோல் வெள்ளை. கந்தகம் தெளிக்கச் சொல்லும் செய்தி இந்த முறை உடனே போனது. அதன் கடைசியில், 'இன்று மழைக்கு வாய்ப்பில்லை' என்று ஒரு வரி. மாவட்டம் முழுமைக்கும் ஒரே கணிப்பு. பெங்களூருக்குள் ஈஜிபுராவில் என் வீட்டு மாடியில் துணி நன்றாகக் காய்ந்தது. ஆனேக்கலில் மத்தியானம் கொட்டிய மழை, மாமா காலையில் அடித்த மருந்தைக் கழுவிக்கொண்டு போனது.

மறுநாள் மேலாளர் முன்னால் போய் நின்றேன்.

"மழை பத்தின வரி ஊர் வாரியா போகட்டும் சார். முடியலன்னா அந்த வரியை எடுத்துடலாம்."

"டெம்ப்ளேட்ல கை வைக்க முடியாதும்மா. எல்லாப் பயிருக்கும் அதே ஃபார்மட்."

"இதை நம்பி மருந்து அடிச்சவங்களுக்கு வீணாப் போச்சு சார்."

"மெசேஜ் டெலிவரி ஆச்சுல்ல?"

"ஆச்சு."

"அப்ப நம்ம சைடுல பிரச்சினை இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆனேக்கல் போனேன். மாமா வரப்பில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் எழுதிய நோயை அன்றுதான் கையால் தொட்டேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"திரும்ப ஒருவாட்டி அடிங்க மாமா. வெயில் தாழ்ந்ததும் அடிங்க. ஆனா வானத்தைப் பார்த்துட்டு அடிங்க," என்றேன்.

பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "அன்னிக்கும் பார்த்தாருடி. மேகம் கட்டுது, இன்னிக்கு வேணாம்னு நான்கூடச் சொன்னேன். நீ எழுதினதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு அடிச்சாரு."

மேலாளர்மேல் இருந்த ஆத்திரம் அப்படியே என் பக்கம் திரும்பியது.

இரண்டாவது முறை அடித்த மருந்து பிடித்தது. நோய் நின்றது. ஆனால் அடுத்த வாரமே பருவம் தப்பிய வெயில் அடித்து, பூ கொத்தாக உதிர்ந்தது. அதற்கு எங்களிடம் செய்தியே இல்லை. இருந்திருந்தாலும் மாமா என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. காய் பறித்தபோது வழக்கமாக வருவதில் பாதிகூடத் தேறவில்லை. உரித்தால் பல காய்களில் இரண்டு மணிதான்.

"அடுத்த தடவ ஸ்வல்பம் மேடா பாத்தி கட்டித்தான் விதைக்கணும்," என்றார் மாமா. அதை எந்தச் செய்தியிலும் நான் எழுதியதில்லை.

வேலையை விடவில்லை. மழை பற்றிய வரியை எடுக்கச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று முறை கடிதம் எழுதிவிட்டேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.