சந்தனத்துக்கு அடியில் இருந்த நம்பர்

போன வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முந்தி, பெல்மதுளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், நடந்தது இது.

லயத்தில் எங்களுக்கு இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு பழைய ரேடியோ இருக்கிறது. மரப்பெட்டி, முன்னால் துணி, உள்ளே கண்ணாடி பல்பு பல்பாக இருக்கும். அது பாடி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் நான் அதை யாருக்கும் கொடுத்ததில்லை. என் வீட்டுக்காரர் வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். தொரை சீமைக்குத் திரும்பியபோது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன ரேடியோ அது. தொரை கேட்ட ரேடியோ எங்கள் தோட்டத்தில் வேறு யார் வீட்டில் இருக்கிறது?

இந்தப் பெருமையோடு ஒரு முள்ளும் சேர்ந்தே இருந்தது. தொரை கொடுக்கவில்லை, சாமான் கட்டுகிற சந்தடியில் இவர்தான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று லயத்தில் ஒரு பேச்சு. அதை அதிகமாகச் சொல்வது வேறு யாருமில்லை, அவர் கூடப்பிறந்த தங்கச்சி, என் நாத்தனார்தான். அடுத்த காம்பராவில் இருக்கிறாள். சண்டை வந்தால் போதும். "பங்களாவுல சுட்ட ரேடியோவ வச்சிக்கிட்டு ராணி மாதிரி பேசாத மதினி" என்பாள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் இதைக் கேட்டால் பதில் பேசமாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த மௌனம் எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

பலாங்கொடைப் பக்கத்து முஸ்லிம் டீச்சர் ஒருவர், லீவு நாட்களில் தோட்டம் தோட்டமாகப் போய் இந்த மாதிரி பல்பு ரேடியோக்களைப் படம் பிடிக்கிறார். எந்த மாடல், யார் வீட்டில் இருந்தது, எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறார். எங்கள் வீட்டுக்கும் வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஒரு ரேடியோவை எப்படிப்பட்ட வீட்டுக்காகச் செய்தார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாராம். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்லது வெளியே வருமா, கெட்டது வெளியே வருமா?

அவர் வருகிற அன்று காலையில் துடைத்த ரேடியோவையே மறுபடி மறுபடி துடைத்தேன். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்து, ஆறி, திரும்பவும் கொதித்தது. டீச்சரின் த்ரீவீல் வந்து நிற்பதற்கு முன்னாலேயே நாத்தனார் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் உள்ளே வந்ததும் ஆரம்பித்தாள்.

"டீச்சர் நோனாவுக்குக் கதையெல்லாம் சொல்லிட்டியா மதினி? எப்படி வந்துச்சுன்னு?"

"தொரை பங்களாவுல இருந்ததுன்னு எழுதிக்கங்க டீச்சர்" என்றேன், அவள் பக்கம் திரும்பாமல். டீச்சரும் எழுதிக்கொண்டார்.

பிறகு ரேடியோவின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒரு தகரத் தகடு இருக்க வேண்டும், அதில்தான் மாடல் நம்பர் இருக்கும் என்றார். தகடு இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டியோடு ரேடியோவுக்கும் சந்தனம் வைப்பேன். முன்பக்கத்துத் துணியில் வைத்தால் கறை பிடிக்குமே என்று பின்னால் தகட்டில் வைப்பேன். எழுத்து இருக்கிற இடம், மரியாதையான இடம் என்று ஒரு நினைப்பு. பழையதைக் கழுவாமல் மேலே மேலே வைத்து, அது சுவர்ப் பூச்சு மாதிரி இறுகிப் போயிருந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தனையோ ரேடியோ பாத்திருக்கேன். நம்பருக்குப் பொட்டு வச்சது இதுதான் அம்மா." பிறகு மெதுவாகக் கேட்டார். "தொடைக்கலாமா? வேணாம்னா விட்டுர்றேன்."

"சாமிக்கு வச்ச சந்தனத்த சொரண்டுறதா? கெடக்கட்டும் விடுங்க" என்றாள் நாத்தனார்.

விட்டுவிட்டால் என் பெருமை அப்படியே இருக்கும், அவள் பேச்சும் அப்படியே இருக்கும்.

"தொடைங்க டீச்சர்" என்றேன்.

ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். நம்பர் தெரிந்ததும் போனில் எதையோ தேடினார். பின்பலகையைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"அந்தக் காலத்துல பங்களாவுல கரண்ட் இருந்திச்சா அம்மா?"

நான் வாயைத் திறக்குமுன் நாத்தனார் முந்திக்கொண்டாள். "பின்ன இல்லாம? ஃபேக்டரி எஞ்சின்ல இருந்து கம்பி இழுத்து, பங்களா பூரா லைட்டு. நாங்கதான் குப்பி லாம்புல கெடந்தோம்."

"அப்படின்னா இது பங்களா ரேடியோ இல்ல" என்றார் டீச்சர்.

அவர் விளக்கிச் சொன்னார். இது கரண்டில் ஓடுகிற ஜாதியே இல்லை. கரண்ட் வயர் நுழைய ஓட்டைகூடக் கிடையாது. கீழே பெட்டரி வைக்கவென்றே இடம் விட்டு, கரண்ட் இல்லாத வீடுகளுக்காகச் செய்த மாடல். வீடு பூரா கரண்ட் உள்ள தொரை இதை வாங்கியிருக்க மாட்டார். எனக்கு ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் செங்கல் மாதிரி ஒரு பெட்டரியைச் சாக்கில் சுற்றி டவுனிலிருந்து கொண்டுவருவார். லயத்தில் கரண்ட் இல்லாததால் அவர்தான் ஏதோ மாற்றி வைத்தார் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் மாற்றவில்லை, செய்தபடியே இருக்கிறது என்றார் டீச்சர்.

என் முகம் சுண்டிப்போனது. நாத்தனார் இப்போது சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அண்ணே வாங்குனதா?" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "எனக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருந்த வருஷம் மதினி அது. தங்கச்சி வீட்டுல இருக்கப்ப பொண்டாட்டிக்கு ரேடியோ வாங்குனேன்னு சொல்லியிருந்தா எங்கம்மா வீட்ட ரெண்டாக்கியிருக்கும். தொரை குடுத்தாருன்னா யாரு என்ன பேச முடியும்?"

"அதுக்கப்புறமாவது அந்த மனுசன் வாயத் தொறந்திருக்கலாம்ல?" என்றேன்.

"தொறந்திருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா?" என்று சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

டீச்சர் பேனாவோடு காத்திருந்தார். "எங்கேயிருந்து வந்ததுன்னு என்ன எழுத அம்மா?"

எத்தனை பேரிடம் தலை நிமிர்ந்து சொன்ன கதை! "பங்களான்னு எழுதினத வெட்டிருங்க. வீட்டுக்காரர் வாங்குனதுன்னு போடுங்க" என்றேன்.

"வாங்கினதா இருக்கும்னு போடுறேன். எந்தக் கடைன்னு தெரியாதுதானே?"

"களவெடுத்தது இல்லன்னும் எழுதுங்க" என்றாள் நாத்தனார்.

"அதுக்கு இதுல எடமில்லயே அம்மா" என்று டீச்சர் சொல்ல, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது லயத்தில் அந்தப் பேச்சு இல்லை. எங்கண்ணன் வாங்கினது என்று நாத்தனாரே வருகிறவர்களிடம் சொல்கிறாள். தொரை ரேடியோ என்ற பெருமை போனதில் வருத்தமில்லை என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் வேறொன்றுதான் என்னை உட்காரவிடுவதில்லை. ஊருக்குத் தெரிய வேண்டாம், சரி. எனக்காக வாங்கியதை என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று, போய்ச் சேர்ந்துவிட்ட அந்த மனிதரோடு மனதுக்குள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.