பின்னால் காட்டிய அம்புக்குறி

தான் செய்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டுத் துள்ளிக் குதிக்கும் ஆளை நந்தினிக்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடும் குடும்பத்துப் பெண். வேங்கிக்காலில் எங்கள் சின்ன அலுவலகத்தில் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறாள். அதற்குக் கோட் எழுதுவது என் வேலை. அவள் தப்பாக வரைந்தால் முதுகு ஒடிவது எனக்கு.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் பஸ்கள் ஊருக்குள் வராது. ஒவ்வொரு சாலையிலும் ஒரு தற்காலிக நிறுத்தம் போடுவார்கள். தன் ஊர் பஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஜனங்கள் திண்டாடுவார்கள். அதற்கு வழிகாட்டத்தான் இந்தச் செயலி. திங்கட்கிழமை கோட் எழுதத் தொடங்கச் சொல்லிவிட்டார் முதலாளி பிரசாத். நந்தினி விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை பௌர்ணமி சார். மாதிரிய போன்ல போட்டு ஜனங்க கையில குடுத்துப் பாத்துடறேன்."

மாதிரி என்றால், பொத்தானை அழுத்தினால் அடுத்த திரை வரும். அவ்வளவுதான், உள்ளே ஒன்றும் கிடையாது.

"போ. ஆனா ஒண்ணும் கிடைக்கலனா, இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் நந்தினியும் கிரிவலப் பாதையில் எம லிங்கத்துக்கு எதிரே நின்றோம். முதல் பத்துப் பேர் சும்மா தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா கீதும்மா" என்று நடையைக் கட்டினார்கள். நந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. பதினொன்றாவதாக வந்தவர் செஞ்சி வெள்ளையம்மாள். இவரிடம் நந்தினி கருத்துக் கேட்கவில்லை.

"செஞ்சி பஸ்ஸுக்குப் போகணும்மா. போன் சொல்றபடி நடந்து காட்டுங்க."

வெள்ளையம்மாள் அம்புக்குறியைப் பார்த்தார். நகரவில்லை.

"இன்னாம்மா இது, வந்த வழியே திருப்பி அனுப்புது? கிரிவலத்துல பாதியில யாராவது பின்னால நடப்பாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து மலையைச் சுற்றுகிறவர்கள் நாங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லையே! தூரம் கம்மி என்ற ஒரே கணக்கில் வந்த வழியே திருப்பிவிட்டிருக்கிறோம்.

"தப்புண்ணா! பெரிய தப்பு!" என்று நந்தினி கத்தினாள். லாட்டரி விழுந்தவள்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். வெள்ளையம்மாளுக்கு மோர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள் அம்புக்குறி திரும்பியிருந்தது. மலையை வலப்பக்கம் வைத்து, மிச்சமிருக்கும் லிங்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, கடைசியில் செஞ்சி பஸ்ஸில் கொண்டுவிட்டது. கோட் எழுதிய பிறகு இது தெரிந்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் போயிருக்கும். அந்தச் சந்தோஷத்தில் நானும் ஒரு மோர் குடித்தேன்.

வெள்ளையம்மாள் போனை வாங்கிப் பார்த்தார். "இப்ப சரி" என்றார். எழுந்து நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். நந்தினியின் போனோடு கூட்டத்துக்குள் மறைந்தார்.

நந்தினி பின்னாலேயே ஓடினாள். அந்த நேரம் பார்த்து என் போனில் பிரசாத் சார்.

"என்னாச்சு? ஒண்ணும் கிடைக்கலயா?"

"கிடைச்சுது சார். அந்தம்மா நிஜமான ஆப்னு நினைச்சு, போனை எடுத்துக்கினு செஞ்சிக்குக் கிளம்பிட்டாங்க!"