விழுந்தது நான், படித்தது அவள்

காரைக்குடிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்றால் பாத்திரத்துக்கு என் கடைக்குத்தான் வருவார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு அண்டா, இரண்டு இட்லிக் கொப்பரையை வைத்து வாடகைக்கடை போட்டேன். இன்று நாச்சியாபுரம், கொத்தமங்கலம் வரைக்கும் என் பெயர் வெட்டிய பாத்திரம்தான் அடுப்பில் ஏறுகிறது. எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கரண்டி தொலைந்து தொலைந்துதான் கரண்டி எண்ணப் பழகினேன். பந்தி நேரத்தில் ஓர் அண்டா ஓட்டையாகி, சபை முன்னால் பேச்சு வாங்கிய பிறகுதான் தகட்டைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தது. பட்டால்தான் எனக்கு ஏறும். ஏறியது இறங்காது.

ஐம்பத்தெட்டு வயதில் ஸ்கூட்டர் பழகப் போனதும் அந்தத் தைரியத்தில்தான். முகூர்த்த நாளில் நாலு ஊருக்குப் போய்ப் பாத்திரம் சரிபார்க்க, ஆட்டோவுக்குக் காத்துக் கிடந்து அலுத்துவிட்டது. கடைக்கென்று ஒரு வண்டி வாங்கினேன். என் கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, கடையில் என்னோடுதான் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். பன்னிரண்டாவது வரை படித்தவள். "நானும் பழகிக்கிறேனேக்கா" என்றாள்.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "வண்டி ஒண்ணு, ஆளு ரெண்டா? யாரு மொதல்ல லைசன்ஸ் வாங்குறீகளோ அவுக கையிலதான் சாவி."

அந்தச் சாவி எனக்கு வேண்டும். என் கடை, என் வண்டி. அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போய் ஊர் ஊராக இறங்குவதா?

சந்தை கூடாத நாட்களில் சந்தைத் திடலில் பழகினோம். முதல் நாளே நான் ஏறி, முறுக்கி, வேப்பமரத்தடியில் விழுந்தேன். மறுநாள் திருப்பத்தில் விழுந்தேன். அதற்கடுத்த நாள் ஜல்லிக் குவியலுக்குள் போனேன். முழங்கால் முழுக்க மஞ்சள் பற்று. அவளோ வண்டியைத் தொடவே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தபடியே இருந்தாள்.

"ஏத்தா, பாத்துக்கிட்டே இருந்தா வண்டி ஓடிருமா? இது என்ன சீரியலா?"

"நீங்க ஓட்டுங்கக்கா. நான் மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"மனசுக்குப் பெட்ரோல் போட்டியாக்கும்?"

ஐந்தாம் நாள் எழுந்து வந்து சாவி கேட்டாள். ஏறினாள். திடலை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். சேலைக் கரையில் தூசி இல்லை.

"எப்புடிடீ?"

"நீங்க விழுந்த எடத்தையெல்லாம் பாத்து வச்சுக்கிட்டேன்க்கா. அங்குட்டுப் போகையில மட்டும் சூதானமாப் போனேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் உரிந்தது எனக்கு. படித்தது அவள். என் பாத்திரத்தை ஒருத்தி எடுத்துப் போனால் பெயரைக் காட்டிப் பிடித்துவிடுவேன். நான் விழுந்ததில் எங்கே பெயர் வெட்டுவது?

லைசன்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். கால் தரையில் படக்கூடாது. அவள் இழை அறுபடாமல் கோலம் போடுகிற மாதிரி போட்டு முடித்தாள். நான் கண்கொட்டாமல் பார்த்தேன். என் முறை வந்தது. நடு எட்டில் கால் ஊன்றிவிட்டேன். அவள் பாஸ், நான் ஃபெயில்.

சாவி அவளிடம் போனது. "நல்லாப் பிடிச்சுக்கங்கக்கா" என்பாள். நான் அவள் தோளைத் தொட மாட்டேன், சீட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வேன்.

மறுபடியும் திடலில் பழகினேன். அவளும் அதே கல்லில் வந்து உட்கார்ந்தாள். அதே நடு எட்டு, அதே கால். விழுந்து விழுந்தே பிழைப்பைக் கற்றவளுக்கு அந்த ஓர் இடம் மட்டும் எத்தனை விழுந்தும் ஏறவில்லை. இரண்டாம் தடவை தேர்வுக்கு முதல் நாள், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"நான் ஏன்டி நடுவுலயே காலை ஊண்டுறேன்?"

"சொன்னாக் கோவிச்சுக்குவீக."

"கோவிச்சுக்கத்தான் போறேன். சொல்லு."

"ரெண்டு வட்டமும் சேர்ற எடத்துக்கு வந்ததும் என்னையப் பாக்குறீகக்கா. நான் பாக்குறேனா இல்லையான்னு."

கோபித்துக்கொண்டேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

தேர்வு அன்று காலையில், லைசன்ஸ் ஆபீஸ் மைதானத்துக்குள் நுழையுமுன் சொன்னேன்: "நீ கேட்டுக்கு வெளியில, ரோட்டைப் பாத்து நில்லு. இங்குட்டுத் திரும்புன, அம்புட்டுத்தான்." அப்படியே நின்றாள். நான் வண்டியை எடுத்தேன். நடுவுக்கு வந்ததும் கண் தன்னால் கேட்டுப் பக்கம் போனது. அங்கே அவள் முதுகுதான் இருந்தது. கண் திரும்பி வந்துவிட்டது. கால் படவில்லை.

இப்போது ஆளுக்கு ஒரு சாவி. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அவள் போட்ட எட்டை நான் முழுசாகப் பார்த்தேன். நான் போட்டதை அவள் பார்க்கவே இல்லை. அவளை அங்குட்டுத் திரும்பி நிற்கச் சொன்னதும் நானேதான்.

"சூப்பராப் போட்டீகளாம்லக்கா, அங்க நின்னவுக சொன்னாக" என்கிறாள், கடைக்கு வருகிறவர்கள் முன்னால்.

சொன்னார்களாம்!