துவரங்காட்டுக் கொழுந்து

அருளம்மாளுக்கு இருபத்து மூன்று வயதுவரை வெயில் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. பிறந்தது, சமைந்தது, தாலிக்குக் கழுத்தை நீட்டியது எல்லாமே சிலோனில், பதுளைப் பக்கத்து மலைத் தோட்டம் ஒன்றில். கருக்கலில் வேலைக்கு ஆள் கூட்டப் பெரட்டுத் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு லயத்து வீடுகளிலிருந்து சனம் எழுந்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மூடுபனிக்குள் நடக்கும். அவளும் நடப்பாள். நடப்பாளே தவிர, விழித்திருந்தாளா என்பது அவளுக்கே சந்தேகம். தேயிலைச் செடி இடுப்பு உயரம் நிற்கும். கண் பனியைப் பார்த்துக்கொண்டிருக்க, மனசு எங்கேயோ போயிருக்க, கை மட்டும் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்து முதுகுக் கூடைக்குள் எறிந்துகொண்டே போகும். "கனாக்காரி தூங்கிக்கிட்டே முப்பது றாத்தல் பறிச்சுடுவா" என்று கங்காணி சொல்வார். அதில் கேலி பாதி, பொறாமை பாதி.

புருஷன் அந்தோணிமுத்துவுக்கு அதே தோட்டத்தில் கவாத்து வேலை. முற்றிய தேயிலைச் செடியை மட்டம் பார்த்து வெட்டிவிடுவான். அவன் அப்பன் காலத்தில் ஆவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறிய குடும்பம். அவன் அண்ணன் அடைக்கலசாமி மட்டும் ஊரிலேயே தங்கி, இருந்த மேட்டுக்காட்டைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

ஐம்பத்திரண்டில் தேயிலை விலை விழுந்தது. சீமையில் யாரோ தேத்தண்ணி குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்களாம். அதற்கு இங்கே கஞ்சி குறைந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. வாரத்துக்கு ஆறு பேர் விழுந்த இடத்தில் மூன்று விழுந்தது. எடை கொஞ்சம் குறைந்தால் அதுவும் அரைப் பேர். எல்லோரும் சிக்கனமாக இருக்க வேண்டிய காலம் என்று கணக்கப்பிள்ளை பெரட்டில் வாசித்தார். துரை பங்களா நாய்க்கு அரைப் பேர் போட்டதாக மட்டும் தகவல் இல்லை.

கைப்பிள்ளை மரிய செல்விக்கு ஐம்பத்து மூன்று பிறந்தபோது இரண்டு வயது. கை கால் சூம்பி, வயிறு மட்டும் பானையாக இருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அந்தோணிமுத்து ஒரு முடிவுக்கு வந்தான்.

"நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு அண்ணன்கிட்ட போயிரு. ஆத்தா படுத்த படுக்கையா கெடக்கு, நான் வர முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. பிரஜா உரிமைக்கு மனுப் போட்டிருக்கோம்ல? பொஞ்சாதி புள்ள ஒரு வருசத்துக்கு மேல வெளிய இருந்தா மனு செல்லாதாம். அடுத்த பிப்ரவரி எட்டாந் தேதிக்குள்ள நீ இந்த மண்ணுல கால் வைக்கணும்."

"வச்சுடுவேங்க" என்றாள் அருளம்மாள். ஒரு வருஷம் என்பது அவளுக்கு அப்போது பெரிய தூரமாகத் தெரிந்தது.

கப்பல், மண்டபம் முகாம், ரயில், பஸ், அப்புறம் நாலு மைல் நடை. வந்து சேர்ந்த ஊரில் மண் சிவந்து கிடந்தது. தெற்கே விராலிமலைக் குன்று வெயிலில் ஆடியது. முதல் வாரம் முழுக்க அவள் காலையில் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பாக்குற?" என்று கேட்டாள் அடைக்கலசாமியின் மனைவி சந்தனமேரி.

"பனி எப்பக்கா எறங்கும்?"

"மார்கழியில எறங்கும். அதுவும் சும்மா மூக்கு ஒழுகத்தான்."

அடைக்கலசாமியும் ஒன்றும் கொழித்துக் கிடக்கவில்லை. இரண்டு வருஷமாக மழை பொய்த்து, வீட்டில் கம்பங்கூழும் புளிச்ச தண்ணியுமாக ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் தம்பி பெண்டாட்டியையும் பிள்ளையையும் பாரமென்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர்களை எந்தச் சிக்கனமும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆடியில், சிலோனில் கூப்பன் அரிசி விலை ஒரே நாளில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஏறிவிட்டது என்றும், பயணச் செலவுக்கு அனுப்ப வழியே இல்லை என்றும் அந்தோணிமுத்துவின் கடிதம் வந்தது. கோயில் உபதேசியார் அதை வாசித்துக் காட்டிவிட்டுப் போனதும் அடைக்கலசாமி மண்வெட்டியை எடுத்தான்.

"தாயி, மேட்டுக்காட்டுல அரை ஏக்கருக்குத் துவரை போடுறேன். அது ஒனக்கு. தையில அறுத்து அன்னவாசல் சந்தையில போட்டா கப்பலுக்கு ஆயிரும். தேதிக்கு முன்னாடியே போயிரலாம்."

அதற்குப் பிறகு துவரைதான் அவளுக்கு எல்லாம். களை எடுத்தாள், ஆடு விரட்டினாள், சாயங்காலமானால் வரப்பில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கப்பலைக் காட்டுவதுபோலச் செடியைக் காட்டினாள். புரட்டாசியில் செடி இடுப்புக்கு வந்தது.

இடுப்புக்கு வந்ததுதான் வினையாகிவிட்டது.

அன்று இரவெல்லாம் நல்ல மழை. விடியப் போகும் நேரத்தில் மழை விட்டு, கண்மாய்ப் பக்கமிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து ஊருக்குள் வந்தது. அந்தச் சீமையில் புரட்டாசியில் மூடுபனி யாரும் கண்டதில்லை. அதே நேரம் கண்மாய்க்கு அக்கரை ஊரில் ஒரு சாவு. தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். அருளம்மாள் எழுந்தாள். விழித்தாள் என்று சொல்ல மாட்டேன், எழுந்தாள். மாட்டுக் கொட்டகையில் கிடந்த எருக்கூடையை எடுத்து, ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டித் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். பனிக்குள் வரிசை வரிசையாக இடுப்பளவுச் செடி நின்றது. எத்தனை நாளைக்கப்புறம்! அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று. முதல் நிரையைப் பிடித்தாள். இரண்டு இலை, ஒரு கொழுந்து. பக்கத்து நிரையில் சிநேகிதிகள் சிரிப்பது கேட்டது. மேலே ஓடை விழும் சத்தம் கேட்டது. வெகு நாளாகக் காணாத சந்தோஷத்தில் கை பறந்தது.

வெயில் வந்து பனி கலைந்தபோது அடைக்கலசாமி கலப்பையோடு வந்தான். காட்டுக் கோடியில், முதுகில் கூடை ததும்ப, எடைக்கு நிற்பவளைப் போலத் தம்பி பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அரை ஏக்கர் துவரையில் ஒரு செடிக்கும் தலை இல்லை.

"இன்னிக்கு முழுப் பேருதானுங்க?" என்று கேட்டாள்.

அவன் முகத்தைப் பார்த்ததும்தான் அவளுக்கு விழிப்பு வந்தது. கூடையை இறக்கிப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். அப்புறம் அவள் அழுத அழுகையைக் கேட்டு ஊரே கூடிவிட்டது. சந்தனமேரி வயிற்றில் அடித்துக்கொண்டாள். கண்மாய்ப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். ஆவூருக்குக் கூட்டிப்போய் மாதா விளக்கு எண்ணெயை நெற்றியில் தடவினார்கள். அடைக்கலசாமி ஒரு வார்த்தை ஏசவில்லை. தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்ததோடு சரி. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உபதேசியாரை வைத்து நடந்ததை நடந்தபடி புருஷனுக்கு எழுதினாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'கை செய்த காரியத்துக்கு ஆளை ஏசுவதில்லை. நான் கவாத்துக்காரன், எனக்குத் தெரியும். தலையைக் கிள்ளினால் செடி சாகாது, பக்கத்தில் கிளைக்கும். கிளைத்தால் காய் கூடத்தான் காய்க்கும். என்ன, நாளாகும்.'

அவன் சொன்னபடியே கிளைத்தது. ஒரு தலை இருந்த இடத்தில் ஐந்தாறு கிளை வீசி, செடி குடை விரித்ததுபோல் ஆயிற்று. ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள். தை பிறந்து, மற்றவர்கள் காட்டில் காய் முற்றிக் கறுத்தபோது, அவள் காடு அப்போதுதான் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பாதையில் போகிறவர்கள் "என்னா அழகு!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அழகைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. சாயங்காலங்களில் செடியிடம் பேசினாள், கெஞ்சினாள், ஒரு நாள் காலில் கூட விழுந்தாள். செடிக்குப் பிரஜா உரிமையைப் பற்றி என்ன தெரியும்? அது தன் நாளில்தான் காய்த்தது. பச்சைக் காயை நம்பி ஒருவரும் பணம் தரவில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி முழுக்க அவள் காட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். காய் பால் பிடித்திருந்தது. பிள்ளை மடியில் தூங்கியது. மாலையில் சந்தனமேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் அறுவடை முடிந்தது. ஒரு மூட்டை எதிர்பார்த்த இடத்தில் மூன்று மூட்டை. கப்பலுக்குப் போக மிச்சம்கூட இருக்கும். தேதி தவறினவர்களை மண்டபத்திலேயே திருப்பிவிடுவார்கள் என்று உபதேசியார் விசாரித்துச் சொல்லியிருந்தார். அருளம்மாள் நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்து, அதை விற்று வரும் பணத்தில் அடைக்கலசாமிக்கு ஒரு ஜோடி கன்றும், பிள்ளைக்குப் பாவாடைத் துணியும் வாங்கச் சொன்னாள். "உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று சந்தனமேரி பெருமூச்சு விட்டாள். அங்கே அவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே சிலோன்காரி என்றார்கள்.

அடுத்த புரட்டாசியில், பேய் பிடித்தவள் என்று சொன்ன அதே சனம் வீட்டு வாசலில் வந்து நின்றது. "எங்க காட்டுலயும் கொஞ்சம் கிள்ளிவிட்டுப் போ தாயி." அவளும் போனாள். வருஷா வருஷம் அந்த ஒரு மாதம் அவள் கைக்குக் கிராக்கி. ஆனால் அவள் அதை ஒரு நாளும் சந்தோஷமாகச் செய்ததில்லை. ஒவ்வொரு தலையைக் கிள்ளும்போதும் ஒரு நாளைக் கிள்ளிப் போடுவதுபோல இருந்தது. மற்ற மாதங்களில் களையெடுப்பு, கடலை பறிப்பு. அந்தோணிமுத்து அங்கே மனுவையும் ஆத்தாவையும் காவல் காத்தான். உரிமை கிடைத்துவிட்டால் உன்னைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று எழுதினான். இவ்வளவுக்கு மேல் பணம் வெளியே போகக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் போட்டிருந்தார்கள். அதற்குட்பட்டு ஏதோ வரும். ஐம்பத்தொன்பதில் ஒரு வரி வந்தது: 'மனு தள்ளுபடியாகிவிட்டது. மனதைத் தளர விடாதே.' காரணம் எழுதவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தால் இங்கே என்ன இருக்கிறது? பிள்ளை படிக்கிறாளே, பணம் வர வேண்டாமா? அப்படியே ஒன்பது வருஷம் போயிற்று.

அறுபத்தெட்டில், இரண்டு தேசத்துப் பெரியவர்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், இன்னார் இந்தியாவுக்கு என்று பிரித்த பட்டியலில் அந்தோணிமுத்து பேர் வந்தது. ஒரு புரட்டாசி மாலை, தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தான். தலை முழுக்க நரை. வாசலில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணைப் பார்த்து, "அருளு..." என்று கூப்பிட்டுவிட்டான். மரிய செல்வி உள்ளே ஓடி, "அம்மா, அப்பா வந்திருக்காங்க போல" என்றாள்.

சாப்பிட்ட பிறகு பெட்டியைத் திறந்தார்கள். ஒரு கம்பளி, ஒரு ஜெபமாலை, பழைய கவாத்துக் கத்தி, அடியில் மடித்த ஒரு தாள். இங்கிலீஷில் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெருமையில் மகள் எடுத்து, வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"மனுதாரருடைய மனைவியும் பிள்ளையும் தொடர்ச்சியா இந்த நாட்டுல வசிக்காத காரணத்தால..."

"அத வையி" என்றான் அந்தோணிமுத்து. அதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

அருளம்மாள் அந்தத் தாளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். காரணம் தன் கைதான் என்று பதினான்கு வருஷமும் அவள் உள்மனசுக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, எழுதிக் காட்டுவது வேறு. இதைத்தான் அவன் ஒன்பது வருஷமாகப் பெட்டி அடியில் ஒளித்து வைத்திருந்தான்.

மறுநாள் கருக்கலில் இருவருக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு வந்தது. தப்பு அடிக்காமலே வந்தது. மேட்டுக்காட்டுக்குப் போனார்கள். துவரை இடுப்பு உயரம், கிள்ளும் பக்குவத்தில் நின்றது. அருளம்மாள் வரப்பில் நின்றாள். கை எழவில்லை.

"எனக்கு முடியலைங்க" என்றாள்.

அவன் இறங்கி ஒரு நிரையைப் பிடித்தான். பாவம், கொழுந்து பறிப்பது தோட்டத்தில் பொம்பளை வேலை. ஆயுசுக்கும் அவன் கத்தி பிடித்தவனே தவிர ஒரு கொழுந்து பறித்தவனில்லை. ஒரு சாண் தண்டையே ஒடித்தான். அடுத்ததை அதைவிட மோசமாக ஒடித்தான். மூன்றாவது செடிக்கு அவன் போனபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ, அது முத்துன எலைங்க! அம்புட்டுக் கீழ போகக் கூடாது."

"பின்ன எப்பிடி?"

"ரெண்டு எலை, ஒரு கொழுந்து. இந்தா, இப்பிடி." அவள் கை தானாக எழுந்து கிள்ளியது.

அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, அதே மாதிரி ஒன்றைக் கிள்ளினான்.

"இது எப்பக் காய்க்கும்?"

"நாளாகும்" என்றாள்.

"ஆகட்டுமே. நமக்குத்தான் இப்ப தேதி இல்லியே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள். அவன் பக்கத்து நிரையில் வந்தான்.